முதியோர் இல்லங்களில் அறுவைக் காயப் பராமரிப்பு

அறுவைக் காயப் பராமரிப்பு என்பது அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடலில் எஞ்சும் வெட்டுக் காயம் ஆறும்வரை, மருத்துவர் எழுதித் தரும் அறிவுறுத்தல்களின்படி அதனைத் தூய்மை செய்தல், கட்டு மாற்றுதல், கண்காணித்தல், உரிய நாளில் தையல் பிரித்தல் ஆகிய பணிகளைக் குறிக்கும். மருத்துவமனையில் இப்பணிகளைப் பயிற்சி பெற்ற செவிலியர் செய்கின்றனர். நோயாளி முதியோர் இல்லத்துக்குத் திரும்பியபின் அதே பணி பல இடங்களில் செவிலியர் அல்லாத பராமரிப்பாளரின் கைக்கு வந்துவிடுகிறது. அவருக்குக் கிடைக்கும் வழிகாட்டி, மருத்துவமனை கொடுத்தனுப்பும் ஓரிரு தாள்களே ஆகும். அத்தாளை எவ்வாறு படிப்பது, எவ்வாறு பின்பற்றுவது, எந்த நிலையில் அதனைப் பின்பற்றுவதை நிறுத்தி மருத்துவரை அழைப்பது என்பவையே இப்பராமரிப்பின் முதன்மையான கூறுகள். இக்கட்டுரை சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றின் சூழலை முன்வைத்து இதனை விளக்குகிறது.

பெயர் வழக்கு

ஆங்கில நாடுகளில் "நர்சிங் ஹோம்" என்றால் முதியோரும் நீண்டநாள் நோயாளிகளும் தங்கியிருந்து செவிலியர் பராமரிப்புப் பெறும் இல்லம் என்று பொருள். தமிழ்நாட்டில் அதே சொல், சில படுக்கைகளும் ஓர் அறுவை அரங்கும் கொண்ட சிறிய தனியார் மருத்துவமனையைக் குறிக்கிறது. எனவே அயல்நாட்டு நூல்களைப் படிக்கும் மாணவர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இது வெறும் சொற்சிக்கல் அன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நர்சிங் ஹோம்களில் நாள் முழுவதும் உரிமம் பெற்ற செவிலியர் ஒருவர் பணியில் இருத்தல் வேண்டும். பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் நாள்தோறும் தொடர்ச்சியாக 8 மணி நேரமாவது இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் இல்லம் என்பது முதன்மையாக உணவும் உறைவிடமும் அளிக்கும் இடமாகவே வளர்ந்தது. சென்னையில் 1782 ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டியாகத் தோன்றிய மணியக்காரர் சத்திரம் இதற்குப் பழைய சான்று. அச்சத்திரத்தின் ஒரு கிளை வளர்ந்து இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையாயிற்று. மற்றொரு கிளை ஆதரவற்ற முதியோரின் புகலிடமாகத் தொடர்ந்தது. மருத்துவம் ஒருபுறமும் தங்குமிடம் மறுபுறமும் என இரண்டாகப் பிரிந்த இவ்வமைப்பின் இடைவெளியிலேயே அறுவைக் காயம் வந்து நிற்கிறது.

மேற்குப் புறநகர்ச் சூழல்

அம்பத்தூரில் 1949 இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. ஆவடியில் 1961 இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964 இல் தொழிற்பேட்டையும் அமைந்தன. இவற்றில் பணிபுரிய வந்து குடியேறிய தலைமுறை இன்று முதுமையில் உள்ளது. அவர்களின் பிள்ளைகளில் பலர் வேறு நகரங்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றனர். இப்பகுதியில் கட்டண முதியோர் இல்லங்களும் அறக்கட்டளை இல்லங்களும் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். மக்கள்தொகைக் கணிப்புகளின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோரின் பங்கு 2011 இல் 10.4 விழுக்காடாக இருந்து 2021 இல் 13.6 விழுக்காடாக உயர்ந்தது.

நிர்வாக எல்லைகளும் இங்கே ஒன்றாக இல்லை. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 7 ஆவது மண்டலமாக உள்ளது. ஆவடி 2019 இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த நகராட்சி. மூன்று இடங்களிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. எனினும் இடுப்பெலும்பு முறிவு, குடல் அறுவை, கால் நீக்கம் போன்ற பெரிய அறுவைகளுக்காக முதியோர் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்ட்ரல் அருகிலுள்ள இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ, 2022 இல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, போரூர், வேலப்பன்சாவடி, தண்டலம் ஆகிய இடங்களிலுள்ள தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கோ செல்ல நேர்கிறது. அறுத்தவர் ஓரிடத்திலும் கட்டு மாற்றுபவர் வேறிடத்திலும் இருக்கின்றனர். மறுபரிசோதனைக்கு ஒரு முதியவரை அழைத்துச் செல்ல ஒரு வண்டியும் துணைக்கு ஓர் ஆளும் அரைநாள் பொழுதும் வேண்டும். இதனால், "அடுத்த மறுபரிசோதனையில் காட்டிக்கொள்ளலாம்" என்று காத்திருக்கும் போக்கு இயல்பாகவே எழுகிறது. காயப் பராமரிப்பில் மிகுந்த கேடு விளைவிப்பது இக்காத்திருப்பே ஆகும்.

அறிவுறுத்தலைப் படித்தல்

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை வழங்கும் சுருக்கம் "டிஸ்சார்ஜ் சம்மரி" எனப்படுகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமையும் இத்தாளின் இறுதிப் பகுதியில் காயம் பற்றிய அறிவுறுத்தல் இடம்பெறும். முழுமையான அறிவுறுத்தல் ஒன்றில் காயம் உள்ள இடம், தூய்மை செய்யும் நீர்மம், கட்டுப்பொருள், கட்டு மாற்றும் இடைவெளி, நனைக்கலாமா என்னும் குறிப்பு, தையல் பிரிக்கும் நாள், அசைவுக்கும் எடை தாங்குதலுக்கும் உரிய வரம்பு, மருந்துகள், உடனே அழைக்க வேண்டிய அறிகுறிகள், அழைக்க வேண்டிய எண் ஆகியவை இருத்தல் வேண்டும். நடைமுறையில் "ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றவும், 10 நாள் கழித்து வரவும்" என்ற அளவில் அது முடிந்துவிடுவதும் உண்டு. நீர்மமோ கட்டுப்பொருளோ குறிப்பிடப்படாத தாள், நோயாளி மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன்னரே கேட்டு நிரப்பப்பட வேண்டிய தாளாகும்.

குறுக்கெழுத்துகள் தனிச் சிக்கலைத் தருகின்றன. "ஓ.டி." என்பது நாளொன்றுக்கு ஒருமுறை, "பி.டி." இருமுறை, "டி.டி.எஸ்." மும்முறை, "எச்.எஸ்." படுக்கைக்குச் செல்லும்முன், "எஸ்.ஓ.எஸ்." தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள்படும். இவை இலத்தீன் மொழிச் சொற்களின் சுருக்கங்கள். இவற்றுள் "ஓ.டி." என்பதற்குக் கண் மருத்துவத்தில் வலக்கண் என்ற பொருளும் உண்டு. கண்புரை அறுவைக்குப் பின் இல்லத்துக்குத் திரும்பும் முதியவரின் தாளில் இவ்விரு எழுத்துகளைக் காணும் பராமரிப்பாளர், வலக்கண்ணுக்கான சொட்டு மருந்தா, நாளுக்கு ஒரு சொட்டா எனத் தடுமாற இடமுண்டு. இக்காரணத்தாலேயே இச்சுருக்கத்தைத் தவிர்த்து முழுச்சொல்லாக எழுதுமாறு மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. எலும்பு அறுவைத் தாள்களில் காணப்படும் "என்.டபிள்யூ.பி." என்பது அந்தக் காலில் எடையே ஏற்றலாகாது என்பதையும், "பி.டபிள்யூ.பி." என்பது ஓரளவு ஏற்றலாம் என்பதையும் குறிக்கும். ஓரெழுத்து மாறினால் கழிவறைக்கு நடந்து செல்லும் முறையே மாறிவிடும்.

நாள் கணக்கும் அடிக்கடி பிழைபடுவதாகும். தாளில் "பி.ஓ.டி. 12 இல் தையல் பிரிக்கவும்" என்றிருந்தால் அது அறுவைக்குப் பிந்தைய 12 ஆவது நாளைக் குறிக்கும். அறுவை நடந்த நாள் சுழியம், மறுநாள் ஒன்று. எடுத்துக்காட்டாக, 3 ஆம் தேதி இடுப்பெலும்பு அறுவை செய்யப்பட்டு 8 ஆம் தேதி இல்லத்துக்குத் திரும்பியவருக்குத் தையல் பிரிக்கும் நாள் 15 ஆம் தேதி ஆகும். திரும்பிய நாளிலிருந்து எண்ணினால் அது 20 ஆம் தேதியாகிவிடும். தையல் நெடுநாள் தங்கினால் அதன் துளைகள் வழியே தொற்று ஏற்படலாம்; தழும்பும் அகலும். முன்கூட்டியே பிரித்தால் காயம் விரியலாம். முகத்தில் ஏறத்தாழ 5 நாளிலும், இடுப்பு, மூட்டு ஆகியவற்றில் பொதுவாக 10 முதல் 14 நாளிலும் தையல் பிரிக்கப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர்க்கும் மருத்துவர் இதனை நீட்டிப்பதுண்டு.

இவ்விடர்களைக் குறைக்க, நோயாளி வந்து சேர்ந்த அன்றே தாளின் செய்தியை எளிய தமிழில் ஒரு பராமரிப்பு அட்டையில் எழுதி, சுருக்கங்களுக்குப் பதில் தேதியும் மணியும் குறித்து, மருத்துவமனைச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ தொலைபேசியில் படித்துக் காட்டி உறுதி செய்யும் முறை பயன்தரும். தொலைபேசி வழியாகப் புதிய அறிவுறுத்தல் பெறப்பட்டால், கேட்டதை எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்து, நேரத்தையும் கூறியவர் பெயரையும் பதிதல் வேண்டும். 2020 மார்ச்சில் வெளியான இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், பதிவு பெற்ற மருத்துவர் தொலைபேசி, காணொளி, குறுஞ்செய்தி வழியாக ஆலோசனை வழங்குவதை முறைப்படுத்தியுள்ளன.

முதிய உடலில் காயம் ஆறும் விதம்

வெட்டுக் காயத்தில் முதலில் குருதி உறைகிறது. அடுத்த சில நாட்கள் வெள்ளணுக்கள் கிருமிகளையும் இறந்த திசுவையும் அகற்றுகின்றன. இக்காலத்தில் சிறிது சிவப்பும் வீக்கமும் இயல்பே. பின்னர் கொல்லாசன் இழைகள் உருவாகிக் காயத்தை இணைக்கின்றன. காயம் மேலே மூடிக்கொண்டாலும் உள்வலிமை மெதுவாகவே திரும்புகிறது. முதல் வாரத்தின் முடிவில் பழைய வலிமையில் ஏறத்தாழ 3 விழுக்காடும், மூன்றாம் வாரத்தில் 20 விழுக்காடும், மூன்று மாதத்தில் 80 விழுக்காடும் கிட்டும் எனப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. தையல் பிரித்தாயிற்று, இனித் தண்ணீர்க் குடம் தூக்கலாம் என்று எண்ணுவது தவறென்பதை இவ்வெண்கள் காட்டும்.

முதுமையில் தோல் மெலிகிறது, குருதியோட்டம் குறைகிறது, நோயெதிர்ப்பு மந்தமாகிறது. நீரிழிவு இருப்பின் இவை மேலும் மிகும்; கால் நரம்புகள் உணர்விழப்பதால் வலியும் எச்சரிக்காது. அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் தோன்றும் காயத் தொற்றும், செயற்கை மூட்டு முதலியன பொருத்தப்பட்டிருப்பின் 90 நாட்களுக்குள் தோன்றும் தொற்றும் அறுவைசார் தொற்றாகவே கணக்கிடப்படுகின்றன. அதாவது, கண்காணிப்புக் காலத்தின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, இல்லத்திலேயே கழிகிறது.

கட்டு மாற்றும் முறை

நேர்த்தியாகத் தைக்கப்பட்ட தூய காயத்தின் முதற்கட்டு, மருத்துவர் வேறு கூறாவிடில், 24 முதல் 48 மணி நேரம் கலைக்கப்படாமல் விடப்படுகிறது. பிறகு கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் வரிசை ஒன்றே: கையைச் சோப்பிட்டு 40 முதல் 60 நொடிவரை கழுவுதல் அல்லது ஆல்ககால் கைத்தேய்ப்பு நீர்மத்தால் 20 முதல் 30 நொடிவரை தேய்த்தல், கையுறை அணிந்து பழைய கட்டை நீக்குதல், அக்கையுறையைக் கழற்றி மீண்டும் கைத்தூய்மை செய்தல், புதிய கையுறை அணிந்து தூய்மை செய்தல், புதிய கட்டிடுதல். நடுவில் வரும் இரண்டாம் கைத்தூய்மையே பெரும்பாலும் விடுபடுவது. ஒரே இல்லத்தில் மூவருக்குக் கட்டு மாற்ற வேண்டியிருப்பின், தூய காயம் முதலிலும் சீழ்வைத்த காயம் இறுதியிலும் கவனிக்கப்படும்.

பழைய கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் உப்புநீரால் நனைத்துத் தளர்த்த வேண்டும். பிய்த்தெடுத்தால் புதிதாக முளைத்த திசுவும் சேர்ந்து வந்துவிடும். இங்கு உப்புநீர் எனப்படுவது மருந்துக்கடையில் புட்டியாகக் கிடைக்கும் 0.9 விழுக்காட்டு நார்மல் சலைன் ஆகும். திறந்த புட்டியைப் பல நாள் வைத்திருந்து பயன்படுத்தலாகாது. மூடிய காயத்தில் தையற்கோட்டிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்கப்படும். ஒருமுறை துடைத்த காஸ் துணி மறுமுறை பயன்படுத்தப்படாது.

திறந்தே விடப்பட்ட ஆழ்ந்த காயத்துக்குள் காஸ் துணி நிரப்பப்பட்டிருப்பின், உள்ளே வைத்தவை எத்தனை, வெளியே எடுத்தவை எத்தனை என்று ஒவ்வொரு முறையும் எழுதிவைத்தல் கட்டாயம். உள்ளே தங்கிப்போன ஒரு துண்டு, வாரக்கணக்கில் ஆறாத புண்ணுக்குக் காரணமாகக் கூடும். இத்தகைய காயத்தையும், வடிகுழாய் பொருத்திய காயத்தையும், உறிஞ்சு கருவி பொருத்திய காயத்தையும் செவிலியர் அல்லாதார் கையாளுதல் முறையன்று. உறிஞ்சு கருவி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் அக்கட்டை அப்படியே விட்டுவைக்கக் கூடாது என்பது அக்கருவிகளுக்குரிய பொதுவிதி. மின்தடை நேரும் பகுதிகளில் இதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

புண்ணைக் காற்றாட விட்டால் விரைவில் உலர்ந்து ஆறும் என்பது பரவலான நம்பிக்கை. 1962 இல் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆய்வாளர் பன்றிகளின் மேலோட்டமான காயங்களில் செய்த ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடி ஈரப்பதத்துடன் வைத்த காயங்கள், காற்றில் உலரவிட்டவற்றைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவில் புதுத்தோல் மூடின. இன்றைய ஹைட்ரோகொல்லாய்டு, நுரைப்பஞ்சுக் கட்டுகள் ஆகியவற்றின் அடிப்படை இதுவே. இவை மூன்று முதல் ஏழு நாள் வரைகூட மாற்றாமல் வைக்கப்படுபவை. "தினமும் கட்டு மாற்றினால்தான் நல்லது" என்று நினைத்து இவற்றை நாள்தோறும் பிரிப்பது ஆறுதலைக் குலைப்பதோடு செலவையும் கூட்டும்.

காயம் மாறும்போது அறிவுறுத்தல்

அறிவுறுத்தல் என்பது அது எழுதப்பட்ட நாளின் காயத்துக்கு உரியது. ஐந்தாம் நாள் உலர்ந்திருந்த காயத்தைப் பார்த்து "இரு நாட்களுக்கு ஒருமுறை கட்டு மாற்றவும்" என்று எழுதியிருப்பார் மருத்துவர். ஒன்பதாம் நாள் அதே காயம் கசிந்து, கட்டு காலையிலேயே நனைந்திருக்கலாம். அப்போது பராமரிப்பாளர் முன் மூன்று வழிகள் உள்ளன: எழுதியபடி மறுநாள்வரை காத்திருப்பது, தாமாகவே மருந்தையோ முறையையோ மாற்றுவது, அல்லது மருத்துவரை அழைத்துப் புதிய அறிவுறுத்தல் பெறுவது. முதலிரண்டும் தவறு. நனைந்த கட்டு கிருமிக்கு வழியாதலால் அதனை மட்டும் தூய கட்டால் மாற்றிவிட்டு, அன்றே அழைப்பது சரியான நடைமுறை. எழுதியதை எழுதியவாறே செய்தோம் என்பது இங்கு விடையாகாது.

எவை அழைப்புக்கு உரியவை என்பதில் ஐயம் எழலாம். நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, சூடு, கூடும் வலி, சீழ், தீநாற்றம், விளிம்பு விரிதல், 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல் ஆகியவை அன்றே தெரிவிக்கப்பட வேண்டியவை. ஆனால் முதியவரிடத்தில் காய்ச்சல் வராமலே தொற்று முற்றுவதுண்டு. நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவர் இன்று ஆளடையாளம் தெரியாமல் குழறுதல், உணவை மறுத்தல், திடீரென எழ இயலாமற் போதல், சிறுநீர் குறைதல் ஆகியவையே முதல் அறிகுறிகளாக இருக்கலாம். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று இவற்றைக் கடந்துசெல்லுதல் கூடாது. அன்றாடம் அவரோடு பழகும் ஆயா ஒருவரே இம்மாற்றத்தை முதலில் உணர்பவர்; அவர் சொல்லைப் பதிவு செய்யும் பழக்கம் உள்ள இல்லத்தில் தொற்று விரைவில் கண்டறியப்பட வாய்ப்பு அதிகம்.

சில நிலைகளில் தொலைபேசி ஆலோசனைக்கும் நேரமில்லை. வயிற்று அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் இளஞ்சிவப்பு நிற நீர் திடீரென மிகுதியாகக் கசிந்தால், உட்தையல் விட்டுப்போனதற்கு அது அறிகுறியாகலாம். குடல் வெளியே தெரிந்தால் அதனை உள்ளே தள்ள முயலாமல், உப்புநீரில் நனைத்த தூய துணியால் மூடி, நோயாளியை முழங்கால் மடித்துப் படுக்கவைத்து, உண்ணவோ குடிக்கவோ எதுவும் தராமல் 108 அவசர ஊர்தி அழைக்கப்பட வேண்டும். நிற்காத குருதிப்போக்கில் காயத்தின்மேல் விடாது அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும் நாளத்தில் குருதி உறைந்திருக்கக் கூடும் என்பதால் உடனே மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

கைபேசியில் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பும் வழக்கம் பெருகியுள்ளது. தொலைவிலுள்ள மருத்துவரை நெருங்க இது உதவுகிறது. அளவுகோல் ஒன்றைக் காயத்தின் அருகில் வைத்து, பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்தில் எடுத்த படமே ஒப்பிடப் பயன்படும். நாற்றத்தையும் சூட்டையும் படம் காட்டாது. அவற்றை எழுதியே அனுப்ப வேண்டும். நோயாளியின் ஒப்புதல் இன்றிப் படமெடுப்பதும், உறவினர் குழுக்களில் பகிர்வதும் அவரது மதிப்புக்கு இழுக்காகும்.

பதிவேடு

காயப் பதிவேட்டில் தேதி, நேரம், நீளம், அகலம், ஆழம், கசிவின் அளவும் நிறமும், சுற்றுத்தோலின் நிலை, வலி, இட்ட கட்டு, செய்தவர் கையொப்பம் ஆகியவை இடம்பெறும். "காயம் பரவாயில்லை" என்னும் குறிப்பு, அடுத்த பணிமுறைக்கு வருபவருக்கு எதையும் கூறாது. நோயாளி கட்டு மாற்ற மறுத்திருந்தால் அதுவும் காரணத்தோடு எழுதப்படும். மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. வலிநிவாரணி தந்து அரைமணி கழித்து மீண்டும் கேட்டால் இசைவோர் பலர்.

வழக்கத்தில் உள்ள பிற பழக்கங்கள்

மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு ஆகியவற்றைப் புண்ணில் வைக்கும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலமாக உள்ளது. மஞ்சளைப் புண் ஆற்றப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995 இல் ஐக்கிய அமெரிக்கா வழங்கிய காப்புரிமை, இந்திய அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் எதிர்ப்பால் 1997 இல் நீக்கப்பட்டது. அது புதிய கண்டுபிடிப்பு அன்று என்பதே அவ்வழக்கின் முடிவு. சமையலறை மஞ்சள்தூள் கிருமிநீக்கம் செய்யப்பட்டது என்று அதற்குப் பொருளில்லை. அறுவைக் காயத்தில் அதனை இடுதல் தீங்கானது.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றை அறிவுறுத்தலின்றித் திறந்த புண்ணில் ஊற்றுவது புதுத்திசுவைச் சிதைக்கும். நுண்ணுயிர் எதிர்ப்பித் தூளைக் காயத்தில் தூவுவதும், பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் பெருங்கேட்டுக்கு வழி. மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் குறித்த எச்சரிக்கையில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. என்.டி.எம்.-1 என்னும் நொதியைக் கொண்ட கிருமிகளின் பரவலை 2010 இல் வெளிப்படுத்திய ஆய்வில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இடம்பெற்றன. 2012 இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட "சென்னை பிரகடனம்" நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் கட்டுப்பாடான பயன்பாட்டை வலியுறுத்தியது.

பத்தியமும் கருதத்தக்கது. பருப்பு உண்டால் சீழ்பிடிக்கும், முட்டையும் மீனும் புண்ணைக் கிளறும் என்று கருதி, அறுவையிலிருந்து மீள்பவருக்கு வெறும் இரசஞ்சோறும் கஞ்சியும் தரும் வழக்கம் இன்றும் உள்ளது. சீழ் கிருமியால் உண்டாவது, பருப்பால் அன்று. மாறாக, காயம் ஆறப் புரதம் இன்றியமையாதது. படுக்கைப்புண் உள்ள, ஊட்டம் குன்றிய முதியோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 62 முதல் 75 கிராம் ஆகும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமே உள்ளது என்பதைக் கொண்டு கஞ்சி உணவின் போதாமையை அறியலாம். சிறுநீரக நோய் உடையவர்களுக்கு அளவை மருத்துவர் முடிவு செய்வார்.

படுக்கைப்புண்

அறுவைக் காயத்தில் மட்டும் கண்வைத்திருக்கும்போது மற்றொரு புண் முதுகுப்புறத்தில் உருவாகிவிடுவதுண்டு. இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் அசையாது கிடப்போருக்குக் குதிகாலிலும் கீழ்முதுகிலும் படுக்கைப்புண் வருகிறது. அழுத்தினாலும் வெளிறாத சிவப்பே அதன் முதற்படி. ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை நிலை மாற்றுதல், கெண்டைக்காலின்கீழ்த் தலையணை வைத்துக் குதிகாலைப் படுக்கையில் படாமல் தூக்கிவைத்தல், ஈரத்துணியை உடன் மாற்றுதல் ஆகியவை தடுப்பு முறைகள். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கலாகாது.

மழையும் வெயிலும்

கோடையில் வியர்வையால் பிளாஸ்திரி கழன்று கட்டின் ஓரம் திறந்துகொள்ளும். வடகிழக்குப் பருவமழையில் வேறு இடர் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்சாம் புயலிலும் சென்னையும் அதன் புறநகரும் நீரில் சூழப்பட்டன. 2023 இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் நீரில் நின்றது. அக்டோபருக்கு முன்பே ஒரு வாரத்துக்கான கட்டுப்பொருளும் உப்புநீரும் மருந்தும் நீர்புகாப் பெட்டியில் வைத்தல், கீழ்த்தளத்தில் உள்ள படுக்கை நோயாளிகளை மேல்தளத்துக்கு மாற்றும் ஏற்பாடு ஆகியவை இப்பகுதி இல்லங்களுக்குத் தேவையானவை. வெள்ளநீர் பட்ட கட்டு, தேதி எதுவாயினும் உடனே மாற்றப்பட வேண்டும்.

சட்டமும் சேவைகளும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 இல் நிறைவேறியது. அதன் 19 ஆம் பிரிவு மாவட்டந்தோறும் குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்றும், இல்லங்களின் தரத்தையும் மருத்துவ வசதியையும் வகுக்கலாம் என்றும் கூறுகிறது. பராமரிப்பு இல்லங்களின் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் சட்டத்திலேயே சேர்க்க 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த முன்வரைவு, நிறைவேறாமலே 2024 இல் அவ்வவையுடன் காலாவதியானது.

முதியோர் மருத்துவத்தில் சென்னை முன்னோடியாக இருந்தது. 1978 இல் அரசு பொது மருத்துவமனையில் வி. எஸ். நடராஜன் தலைமையில் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. 1996 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறையின் முதுநிலைப் படிப்பு தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இவை அனைத்தும் நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது உதவுபவை.

இருப்பிடத்துக்கே வரும் சேவையாக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் படுக்கை நோயாளிகளை நேரில் சென்று பார்க்கின்றனர். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்து ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் தம் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம்; அம்பத்தூர்த் தொழிலாளர் பலருக்கு இது பொருந்தும். மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்கள் உள்ளன. பயன்படுத்திய கட்டுகள் 2016 ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையிலும், ஊசிகளும் கத்தி அலகுகளும் துளைபடாத வெண்ணிறக் கலத்திலும் சேர்க்கப்பட வேண்டும். தெருக் குப்பைத் தொட்டியில் இடப்படும் ஊசி தூய்மைப் பணியாளரின் கையில் தைக்கும்.